டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: அட்டாக் வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

போன இதழில் நெஞ்சுவலியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் தபாலும் வாட்ஸ்அப்பும் இதயத்தாலேயே நிறைந்துவிட்டன. அதில் பலர் கேட்டிருப்பது இதய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றி. நான் இதய நிபுணர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வடசேரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறவள். ஆனால் அந்தக் குழாய்க்குள் படுத்து எழுந்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தக் கதை கீழே வரும்.

என் வீட்டுக்காரருக்கு 54 வயது. ரப்பர் பால் வெட்டுகிறவர். மூன்று வாரத்துக்கு முன் அதிகாலையில் தோட்டத்தில் வைத்தே நெஞ்சுவலி வந்தது. வாயு என்று நினைத்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மணி பதினொன்று. முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 35 என்றார்கள். இப்போது திருவனந்தபுரம் போய் இதய எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்கிறார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ எல்லாம் எடுத்தாச்சே, இது வேறு எதற்கு? பணம் பிடுங்கவா?
— வாசகி, குலசேகரம்

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. தேவையில்லாமல் எழுதிக் கொடுக்கப்பட்ட ஸ்கேன்களை நானும் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

முதலில் அந்த 35. நிறையப் பேர் இதை நூற்றுக்கு 35 மார்க் என்று நினைத்துப் பயந்துபோகிறார்கள். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான் இருக்கும். அதனால் 35 என்பது குறைவுதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

ஆஞ்சியோ பார்ப்பது குழாயை. எக்கோ பார்ப்பது அசைவை. முன்சுவர் சரியாக அசையவில்லை என்று எக்கோ சொல்லிவிட்டது. ஏன் அசையவில்லை? அந்தத் தசை செத்துவிட்டதா, மயங்கிக் கிடக்கிறதா? இரண்டும் எக்கோவில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை உங்கள் வீட்டுக்காரரிடமே கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். அளவுக்கு மீறி வெட்டியதால் பால் வற்றிய மரம் இருக்கிறது. கொஞ்ச நாள் கத்தி படாமல் விட்டால் பல மரங்களில் திரும்பவும் பால் வரும். அதே சமயம், கத்தி ஆழமாக இறங்கித் தடியில் பட்டுவிட்ட இடமும் இருக்கிறது. அது முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும்; அதில் பிறகு ஒழுங்காக வெட்டு விழாது. இரண்டு மரத்திலும் இன்றைக்குச் சிரட்டை காலிதான். அட்டாக் வந்த இதயத்திலும் இந்த இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மயங்கிக் கிடக்கும் தசை சில வாரத்தில் தானாக எழுந்துகொள்ளும். செத்த தசை தழும்பாகிவிடும்.

அதை எம்.ஆர்.ஐ. எப்படிப் பிரித்துக் காட்டுகிறது? கையில் ஊசி வழியாக காடோலினியம் கலந்த ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது உயிரோடு இருக்கும் தசைச் செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு வெளியே இருக்கும் இடுக்கில் சுற்றிவிட்டு ரத்தத்தோடு போய்விடும். செத்த இடத்திலோ செல்லின் சுவரே உடைந்து கிடக்கும், தழும்பிலும் இடுக்கு அதிகம். அதனால் மருந்து அங்கே தேங்கும். பத்து நிமிஷம் போல் காத்திருந்து படம் எடுத்தால், உயிருள்ள தசை கறுப்பாகவும் செத்த இடம் பளிச்சென்று வெள்ளையாகவும் தெரியும். மார்கழி இருட்டில் வாசலில் போட்ட கோலம் மாதிரி அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

அந்த வெள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் விஷயமே. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் அதன் வெளிப்பக்கத்தில் ஓடுகின்றன. சுவரின் உள்பக்கத்துக்குத்தான் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும். அதனால் அடைப்பு வந்தால் முதலில் சாவது உள்பக்கம். நேரம் போகப் போக, வெள்ளம் வயலில் ஏறுவது போல, சாவு உள்ளிருந்து வெளிப்பக்கம் நகரும். அவர் வாயு என்று படுத்திருந்த அந்த மணி நேரங்களில் அது எங்கே வரை போனது என்பதைப் படம் சொல்லும். கால் பங்கு கனத்துக்குள் நின்றிருந்தால் சந்தோஷம். பாதியைத் தாண்டியிருந்தால் அந்த இடம் திரும்பவும் வேலைக்கு வருவது கஷ்டம்.

இன்னொன்றும் பார்ப்பார்கள். வெள்ளைக்கு நடுவே சில சமயம் ஒரு கறுப்புத் தீவு தெரியும். ஸ்டென்ட் வைத்துப் பெரிய குழாயைத் திறந்தாச்சு; ஆனால் அதற்குக் கீழே இருக்கும் நூல் போன்ற குழாய்கள் திறக்கவில்லை, மருந்தே அங்கே போகவில்லை என்று அர்த்தம். பேச்சிப்பாறையில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள், கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் கடைமடை வயல் காய்கிறது என்பது நம்மூரில் யாருக்கும் புதிதில்லை. அதேதான். இந்தக் கறுப்புத் தீவு இருப்பவர்களை டாக்டர்கள் கூடுதல் கவனமாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இதயம் பெரிதாகி வீங்கிப்போகும் வாய்ப்பு அதிகம்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். அட்டாக் வந்த முதல் வாரத்தில் வீக்கம் இருப்பதால் சேதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். உங்களவருக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, பரவாயில்லை. அப்புறம், பம்பிங் 35-ஓ அதற்குக் கீழேயோ இருப்பவர்களுக்குத் திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் ஒரு ஷாக் கருவி வைக்கலாமா என்ற பேச்சு வரும். அதை அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. அட்டாக் ஆகி 40 நாளாவது கழிய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மூன்று மாதம் மருந்து கொடுத்துவிட்டுத் திரும்ப அளந்து பார்ப்பதே வழக்கம். மயங்கியது எழுந்துகொண்டால் எண் தானாக ஏறியிருக்கும். அளப்பதிலும் எம்.ஆர்.ஐ. எக்கோவைவிடத் துல்லியமானது. எக்கோவில் எடுப்பவர் கை, பார்ப்பவர் கண், நோயாளியின் நெஞ்சுக்கூடு எல்லாம் சேர்ந்து எண்ணை அங்குமிங்கும் நகர்த்தும்.

டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்தப் படத்தில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் இரண்டு பதில் வந்தால் திருவனந்தபுரம் பஸ் ஏறுங்கள். ஒரே பதில் வந்தால் பஸ் காசு மிச்சம். இன்னொன்று: எம்.ஆர்.ஐ. மெஷின் இருக்கும் இடமெல்லாம் இதயத்துக்கு எடுக்க மாட்டார்கள். அதற்கென்று மென்பொருளும், அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். போன் போட்டு, "இதயத்துக்கு எடுப்பீர்களா, எந்த நாளில்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள். இதில் ஸ்கேன் கதிர்வீச்சு வேறு வேண்டுமா? என் மகனுக்கு இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. காந்தம் அதை இழுத்துவிடாதா? மருந்து ஏற்றினால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— வாசகர், மணவாளக்குறிச்சி

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே இல்லை ஐயா. காந்தமும் ரேடியோ அலையும்தான். சி.டி. ஸ்கேனையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். மெஷின் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வந்த வினை.

நீங்கள் மணவாளக்குறிச்சிக்காரர் என்பதால் ஒரு தகவல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் உங்கள் ஊர் மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். அந்த மோனசைட்டில் கதிர்வீச்சுக்குக் காரணம் தோரியம். அதே மோனசைட்டில் அரிய மண் உலோகங்கள் பலவும் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, கொஞ்சமாக, காடோலினியம்; உங்கள் மகனுக்கு ஏற்றப்போகும் மருந்தில் இருக்கும் அதே உலோகம். அதற்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை. வெறுமனே உடம்பில் விட்டால் அது விஷம். அதனால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்துத்தான் மருந்தாக்குகிறார்கள். கூண்டோடு சிறுநீரில் வெளியேறிவிடும்.

கிட்னி பயம் ஆஞ்சியோவுக்கு ஏற்றும் அயோடின் மருந்தால் வந்த பயம். அது வேறு, இது வேறு. ஆனால் கிட்னி ஏற்கெனவே மோசமாக இருப்பவர்களுக்கு, அதாவது வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனவர்களுக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும், பழைய வகை காடோலினியத்தால் தோல் கல் போல இறுகும் ஒரு நோய் வந்ததுண்டு. இப்போதைய வகைகளில் அது மிக மிக அபூர்வம். என்றாலும் ஸ்கேனுக்கு முன், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

ஸ்டென்டைக் காந்தம் இழுக்காது. இப்போது வைக்கும் ஸ்டென்ட்களின் உலோகத்தை அந்தக் காந்தம் அசைக்க முடியாது. வைத்த அன்றே கூட ஸ்கேன் எடுக்கலாம். "ஆறு வாரம் பொறுக்கணும்" என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய எச்சரிக்கை. பேஸ்மேக்கர் வேறு சமாச்சாரம். அதன் கார்டைக் காட்டி, எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகையா என்று உறுதி செய்யாமல் அந்த அறைக்குள் காலை வைக்கக்கூடாது.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுகளில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்த பையன்கள் எத்தனையோ பேர். எப்போதோ கண்ணில் தெறித்த இரும்புத் துணுக்கு உள்ளேயே இருக்கும், அவர்களே மறந்திருப்பார்கள். காந்தம் மறக்காது. அதைக் கட்டாயம் சொல்லுங்கள், முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலவற்றின் பின்பக்கம் உலோகத்தாள் இருக்கும், தோலைச் சுட்டுவிடும்.

நான் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன். ஆழத்துக்குப் பயந்ததில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குள் போட்டதும் மூச்சு முட்டி, பாதியில் வெளியே வந்துவிட்டேன். மறுபடி வரச் சொல்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.
— வாசகர், கடியப்பட்டணம்

இதில் வெட்கம் எதற்குத் தம்பி? கடலில் நீங்களாக முங்குகிறீர்கள், நீங்களாக மேலே வருகிறீர்கள். குழாயில் வேறு யாரோ முங்க வைக்கிறார்கள்.

எனக்கு எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சங்கிலி, வளையல், கம்மல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு மொட்டையாக நின்றேன். நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டைகள், துடிப்புக்குத் துடிப்பு மெஷின் அதைப் பார்த்துத்தான் படம் பிடிக்கும். காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்போன். நெஞ்சின் மேல் ஆமை ஓடு மாதிரி ஒரு பலகை. உள்ளே போனதும் சத்தம் ஆரம்பித்தது. பம்ப்செட்டும் ரப்பர் ஷீட் ரோலரும் ஒரே ஷெட்டில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. நடுநடுவே ஹெட்போனில் ஒரு பெண் குரல்: "சுவாசம் எடுக்கூ... விடூ... பிடிக்கூ." மலையாளம் நமக்குப் புரியாததா? புரிந்தது. ஆனால் விட்ட பிறகு எதைப் பிடிப்பது என்ற குழப்பத்தில் முதல் இரண்டு முறையும் மறுபடி மூச்சை இழுத்துவிட்டேன். படம் கலங்கிவிட்டது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, வெறும் நெஞ்சோடு பத்துப் பதினைந்து விநாடி நிற்க வேண்டும்.

உங்கள் பிரச்சினையும் இதுவாகத்தான் இருக்கும். சிப்பிக்கு முங்குகிறவர் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு போவார். இங்கே காலி செய்துவிட்டு நிற்கச் சொல்கிறார்கள். வீட்டில் பாயில் படுத்து, கண்ணை மூடி, விட்டு நிறுத்திப் பழகுங்கள். பத்து விநாடி வந்தால் போதும். கண்ணில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள்; குழாய் கண்ணில் படாவிட்டால் பாதிப் பயம் குறையும். கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதற்கும் முடியாவிட்டால் லேசான மயக்க மாத்திரை கேட்கலாம்.

ரத்த ஓட்டத்தை மருந்து கொடுத்துத் தூண்டிப் பார்க்கும் வகை என்றால், முந்தின நாளிலிருந்தே காப்பி, டீ கூடாது. நம்மூர்ச் சுக்குக் காப்பியிலும் காப்பித்தூள் சேர்ப்பதுண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 61. போன மாதம் நெஞ்சுவலி வந்து, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் கூடுதல் என்று சொல்லி ஆஞ்சியோ செய்தார்கள். ஒரு அடைப்பும் இல்லை. "அட்டாக்தான், ஆனால் அடைப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடைப்பு இல்லாமல் அட்டாக் எப்படி? என்னை ஏமாற்றுகிறார்களா, இல்லை நானே நடித்தேனா?
— வாசகி, சுசீந்திரம்

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏனென்றால் இது என் கதை.

நான்கு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் தக்கலையில் இருந்த என் அண்ணன் இறந்துபோனார். அப்பாவுக்குப் பிறகு என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தவர் அவர். மூன்றாம் நாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. ஆயிரம் பேருக்கு "நெஞ்சுவலி என்றால் உடனே வா" என்று சொன்ன நான், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வாயு என்று சொல்லிச் சுக்கு வெந்நீர் குடித்தேன். குலசேகரத்து அம்மா தன் வீட்டுக்காரரைத் திட்டினால் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளலாம்.

மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். ஈ.சி.ஜி.யில் மாற்றம், ட்ரோபோனின் ஏறியிருந்தது, உடனே ஆஞ்சியோ. குழாய்கள் சுத்தம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். உயிருக்கு அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் "ஹார்ட் அட்டாக்" என்று எழுதி, ரத்தத்தை இளக்கும் இரண்டு மாத்திரையை ஒரு வருஷத்துக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. நோயாளி ஆனதும் டாக்டர் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் பல் தேய்த்தால் ஈறிலிருந்து ரத்தம் வந்தது.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண் இப்போது இதய மருத்துவம் பார்க்கிறாள். சீட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மேடம், எம்.ஆர்.ஐ. எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்தேன்.

அட்டாக் என்று சேர்க்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு உங்களுக்கும் எனக்கும் போல ஆஞ்சியோ சுத்தமாக இருக்கும். அதில் பெண்கள் அதிகம். காரணம் மூன்றில் ஒன்றாக இருப்பதே வழக்கம். நிஜமாகவே சின்ன அட்டாக் வந்து, ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கலாம். வைரஸ் போன்ற ஏதாவது வந்து இதயத் தசை அழற்சியாகியிருக்கலாம். அல்லது மூன்றாவது. இந்த மூன்றும் எம்.ஆர்.ஐ.யில் வேறு வேறு கையெழுத்து போடும். அட்டாக் என்றால், முன்னே சொன்னது போல, வெள்ளை உள்பக்கத்திலிருந்து தொடங்கும். அழற்சி என்றால் உள்பக்கத்தை விட்டுவிட்டு, சுவரின் நடுவிலோ வெளி ஓரத்திலோ திட்டுத்திட்டாக இருக்கும்.

என் படத்தில் வெள்ளையே இல்லை. இதயத்தின் நுனிப் பகுதி மட்டும் பலூன் மாதிரி உப்பி, நீர் கோர்த்து வீங்கியிருந்தது. மேல்பகுதி மட்டும் படபடவென்று வேலை செய்துகொண்டிருந்தது. கணினித் திரையில் அந்தப் படம் ஓடும்போது பார்த்தேன். கழுத்து குறுகி வயிறு பெருத்த ஒரு பானை துடித்துக்கொண்டிருந்தது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை அப்படித்தான் இருக்குமாம். பேய்க்கணவாய் என்று நம் கடற்கரையில் சொல்கிறோமே, அதற்கான பொறி. அதன் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள்: டாகோட்சுபோ. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியது. பெரும் துக்கமோ அதிர்ச்சியோ வந்த பிறகு, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. "நெஞ்சு உடைஞ்சு போச்சு" என்று நம் பாட்டிமார் ஒப்பாரியில் சொல்வதை நான் இத்தனை காலமும் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன்.

மாத்திரை ஒன்றை உடனே நிறுத்தினார்கள், மற்றதைப் பிறகு. ஆறு வாரம் கழித்து எக்கோவில் எல்லாம் பழையபடி. என் சீட்டிலிருந்து ஹார்ட் அட்டாக் என்ற வார்த்தை போனது.

இதை எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது டீச்சர். வீக்கம் வடிந்துவிட்டால் கையெழுத்து அழிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் மிக நல்லது. உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. என்றாலும் தழும்பு இருந்தால் அது இன்னும் அங்கேதான் இருக்கும், எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை ஸ்டென்ட் வைத்தவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இரட்டிப்பாகச் சொல்கிறேன்: உங்கள் மாத்திரை வேறு கதை, கை வைக்காதீர்கள். நீங்கள் நடித்தீர்களா என்ற கேள்விக்குப் பதில்: ட்ரோபோனினுக்கு நடிக்கத் தெரியாது.

அப்பாவுக்கு 66 வயது, பழைய அட்டாக், மூன்று குழாயிலும் அடைப்பு, பம்பிங் 30. ஒரு டாக்டர் பைபாஸ் செய்யலாம் என்கிறார், இன்னொருவர், "செத்த தசைக்கு ரத்தம் கொடுத்து என்ன பயன், எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுப் பேசுவோம்" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், கருங்கல்

இரண்டு பேரும் படித்தவர்கள்தான். இரண்டாமவர் சொல்வதற்குப் பின்னால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரேமண்ட் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அடைப்பை நீக்குவதற்கு முன் 50 நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சரியாக அசையாத பகுதிகளில், வெள்ளையே இல்லாதவற்றில் 78 சதவீதம் பிறகு நன்றாக அசைந்தன. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையாக இருந்த 58 பகுதிகளில் எழுந்தது ஒன்றே ஒன்று. இதைப் படித்த எவருக்கும், "படம் எடுத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கலைத்துவிட்டன. அசைவு திரும்புவது வேறு, ஆயுள் கூடுவது வேறு. பம்பிங் 35-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பைபாஸ் செய்ததில் பத்து வருஷக் கணக்கில் இறப்பு குறைந்தது. அதில் தசைக்கு உயிர் இருந்ததா இல்லையா என்பது பலனைப் பிரித்துக் காட்டவில்லை. 2022-இல் பிரிட்டனில் 700 பேரிடம் செய்த ஆய்வில், இதே மாதிரி பலவீனமான இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்களும் நல்ல மருந்து மட்டும் சாப்பிட்டவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் அதில் கூடுதல் தழும்பு இருந்தவர்கள், என்ன வைத்தியம் செய்தாலும், சிரமப்பட்டார்கள்.

அதனால் உங்கள் அப்பாவுக்குப் படம் எடுங்கள், தப்பில்லை. தழும்பு எவ்வளவு, எந்தச் சுவர், உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அறுவை சிகிச்சை டாக்டருக்கு வேண்டும். ஆனால் "வெள்ளையாக இருக்கிறது, எனவே பைபாஸ் வேண்டாம்" என்று படத்தை மட்டும் வைத்து யாராவது கதவைச் சாத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய சர்க்கரை, கிட்னி, நடக்கிற தெம்பு எல்லாவற்றையும் வைத்து இரண்டு டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். அப்பாவையும் அந்த அறையில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கூடி முடிவெடுத்துவிட்டு அப்பாவிடம் கையெழுத்து மட்டும் வாங்குவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எக்கோவில் ஒன்றும் இல்லை என்றவர்கள் எம்.ஆர்.ஐ.யில் இதயத்துக்குள் ரத்தக்கட்டி என்கிறார்கள். எது பொய்?
— வாசகர், இரணியல்

எதுவும் பொய் இல்லை. அசையாத சுவரோரம் ரத்தம் தேங்கி உறையும்; நுனியில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய கட்டியை எக்கோ பல சமயம் தவறவிடும், காடோலினியம் ஏற்றிய படத்தில் அது கரிக்கட்டை மாதிரி கறுப்பாகத் தெரிந்துவிடும். பிய்ந்துபோய் மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை மூன்று மாதம் போலக் கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அட்டாக். இப்போது பம்பிங் 60, தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நிம்மதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடட்டுமா?
— வாசகர், மார்த்தாண்டம்

வேண்டாம். நடங்கள்.

இவ்வளவு பெரிய காந்தத்துக்குள் படுத்தால் ரத்தத்தில் உள்ள இரும்பையும் அடைப்பையும் அது இழுத்துவிடாதா? காந்தப் படுக்கையில் படுத்தால் அடைப்பு கரையும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து விற்றுவிட்டுப் போயிருக்கிறார். படுக்கலாமா?
— வாசகி, தோவாளை

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அது ஆணி மாதிரி இல்லை. புரதத்துக்குள் அணு அணுவாகக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் பலமான காந்தத்துக்குள் நான் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். என் ரத்தம் ஓடிய பாதையிலேயே ஓடியது. அடைப்பு என்பது கொழுப்பும் சுண்ணாம்பும் நாரும். அதைக் காந்தம் கண்டுகொள்ளவே கொள்ளாது.

படுக்கையில் படுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் மட்டும் அதில் படுக்க விடாதீர்கள். கடைசியில், "திருப்பிக் கொடுத்தால் பணம் தருவாரா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பில் கொடுத்தாரா?